கேக்குக்கு எந்தப் போத்தல், கட்லட்டுக்கு எந்தப் போத்தல்?

கேள்வி: நான் திருகோணமலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. இந்த நத்தாருக்கு மகளும் மருமகனும் பிள்ளைகளோடு பாரிஸில் இருந்து வருகிறார்கள். நள்ளிரவுப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேக் வெட்டி, எல்லோரும் சேர்ந்து ஷாம்பெயின் குடிக்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. சென்ற வருடம் பெரிய விலை கொடுத்து 'பிரூட்' என்று எழுதிய போத்தல் ஒன்றை வாங்கினோம். ரிச் கேக்கோடு குடித்தபோது வெறும் புளிப்பாக இருந்தது. "இனிப்பாக ஒன்று வாங்குவோம்" என்கிறார் கணவர். அப்படி வாங்கி வைத்தால், பிரான்சில் வாழும் மருமகன் எங்களை விபரம் தெரியாதவர்கள் என்று நினைப்பாரோ என்று எனக்குக் கூச்சம். கணவர் நீரிழிவுக்குக் குளிசை எடுக்கிறார். உறவினர் ஒருவர் தந்த ஷாம்பெயின் போத்தல் ஒன்று சில வருடங்களாக எங்கள் கண்ணாடி அலுமாரியில் நிற்கிறது. அதைத் திறக்கலாமா? பெரியவர்கள் பன்னிரண்டு பேர் இருப்போம். எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது?

பதில்:

அன்புள்ள ரீச்சருக்கு வணக்கம்.

உங்கள் கணவர் சொல்வது சரி. ரிச் கேக் வெட்டும் நேரத்தில் இனிப்பான, ஷாம்பெயின் போலக் குமிழி எழும்பும் ஸ்பார்க்ளிங் வைன்தான் மேசையில் இருக்க வேண்டும். நிலாவெளிப் பக்கத்து விடுதிகளில் பானங்களுக்குப் பொறுப்பாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன். நீங்கள் சென்ற வருடம் வாங்கியது நல்ல வைனாகவே இருந்திருக்கும், திறந்த நேரம்தான் பொருந்தவில்லை. பிரூட் என்றால் ஒரு லீற்றரில் 12 கிராமுக்கும் குறைவான சீனி. கஜு, பிளம்ஸ், இஞ்சிப் பாகு, தேன் எல்லாம் சேர்ந்து ஊறிய கேக் வாயில் இருக்கும்போது, அதைவிட இனிப்புக் குறைந்த வைனைக் குடித்தால் நாக்கு அதன் புளிப்பை மட்டுமே பிடித்துக்கொள்ளும். பழ வாசனையும் பாண் வாசனையும் எங்கே போயின என்றே தெரியாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிரூட்டுக்கும் கேக்குக்கு முன்னால் இதே கதிதான்.

மருமகனைப் பற்றிய கூச்சத்தை விட்டுவிடுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷாம்பெயின் என்றாலே இனிப்புத்தான். ரஷ்யாவுக்கு அனுப்பியதில் சீனி மிக அதிகம், பிரான்சுக்குள் விற்றதும் இனிப்பே. 2010இல் பால்டிக் கடலில், பின்லாந்துக்குச் சொந்தமான ஓலாந்துத் தீவுகளுக்கு அருகே மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலில் சுழியோடிகள் 168 ஷாம்பெயின் போத்தல்களைக் கண்டெடுத்தார்கள். ஏறத்தாழ 170 வருடம் கடலடியில் கிடந்தவை. ஆய்வுகூடத்தில் பரிசோதித்தபோது லீற்றருக்கு ஏறக்குறைய 150 கிராம் சீனி இருந்தது தெரியவந்தது. இன்றைய பிரூட்டோடு ஒப்பிட்டால் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். இனிப்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்டவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்களை மனதில் வைத்து மதாம் பொமெரி என்ற பெண்மணி 1874ஆம் ஆண்டின் அறுவடையில் இனிப்பில்லாத ஷாம்பெயினைத் தயாரித்த பிறகுதான் அந்த ரசனை மெல்ல மெல்ல உலகம் முழுவதும் பரவியது. இன்றைக்கும் பிரான்சில், சாப்பாட்டின் முடிவில் இனிப்புப் பண்டம் வரும்போது டெமி-செக் என்ற இனிப்பு வகையைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மருமகனுக்கு இது தெரிந்திருந்தால் உங்களை மெச்சுவார். தெரியாவிட்டால் அன்றிரவு தெரிந்துகொள்ளட்டும்.

போத்தல் வாங்கும்போது பெயரைவிட, லேபிளில் இனிப்பின் அளவைச் சொல்லும் அந்தச் சிறிய வார்த்தையைத்தான் முதலில் தேட வேண்டும். பிரூட் நேச்சர், எக்ஸ்ட்ரா பிரூட் என்பவை மிகவும் வரண்டவை, அதாவது இனிப்பு மிகக் குறைந்தவை, நத்தார் மேசைக்கு வேண்டாம். பிரூட் அதற்கு அடுத்தது. எக்ஸ்ட்ரா டிரை என்று எழுதியிருப்பதைப் பார்த்து அது பிரூட்டைவிட வரண்டது என்று எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். உண்மையில் அதில் லீற்றருக்கு 12 முதல் 17 கிராம் வரை சீனி இருக்கிறது, பிரூட்டைவிட இனிப்பு. செக் என்றால் 17 முதல் 32 வரை. டெமி-செக் 32 முதல் 50 வரை. கேக்குக்கு டெமி-செக்கில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

இனி எந்த நாட்டு வைன் என்ற கேள்வி. ஷாம்பெயின் என்ற பெயர் பிரான்சின் வடகிழக்கில் உள்ள அந்தப் பெயருடைய பிரதேசத்தில் விளைந்த வைனுக்கு மட்டுமே உரியது. அங்கே வைனைப் போத்தலில் அடைத்த பிறகு, அதே போத்தலுக்குள் இரண்டாவது தடவை நொதிக்க விடுகிறார்கள். நொதியின் மண்டி அடியில் கிடக்க, மாதக்கணக்கில் நிலவறையில் படுத்திருக்கும். வருடம் குறிப்பிடாத சாதாரண ஷாம்பெயினுக்கே நிலவறையில் குறைந்தது 15 மாதம், அதில் 12 மாதமாவது மண்டியோடு. நல்ல ஷாம்பெயினில் சுடச்சுடப் பாண் வெதுப்பியது போல ஒரு வாசம் வருவது இந்த மண்டியால்தான். ஸ்பெயினின் காவாவும், பிரான்சின் மற்றப் பிரதேசங்களில் வரும் கிரெமானும் இதே முறையில்தான் தயாராகின்றன. இரண்டுக்கும் மண்டியோடு குறைந்தது 9 மாதம். இத்தாலியின் புரொசெக்கோ வேறு விதம். அது பெரிய உருக்குத் தாங்கிகளில் நொதித்து, பிறகு போத்தலுக்கு வருகிறது. அதனால் பாண் வாசம் இருக்காது, பேரிக்காயும் பூவும் கலந்த இலேசான வாசம் இருக்கும். விலையும் குறைவு. என் கருத்தைக் கேட்டால், ஷாம்பெயின் ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல காவா இரண்டு வாங்கி எல்லோருக்கும் நிறைவாக ஊற்றுவது மேல். நம் நாட்டில் இறக்குமதி வரிகளுக்குப் பிறகு பிரபலமான ஷாம்பெயினுக்குக் கொடுக்கும் விலையில் பெரும் பங்கு பெயருக்குப் போகிறது. நத்தார் இரவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து குடிக்கும்போது அந்த வித்தியாசத்தைக் கவனித்துச் சுவைக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

கேக்குக்கு இலகுவாகக் கிடைக்கக்கூடியது இத்தாலியின் அஸ்தி, அல்லது மொஸ்காத்தோ தஸ்தி. மஸ்கட் திராட்சையில் செய்தவை. திராட்சைப் பழத்தைக் கையில் நசுக்கி முகர்ந்தால் வரும் அதே வாசம். மொஸ்காத்தோ தஸ்தியில் மதுசாரம் 5 வீதத்தை ஒட்டியே இருக்கும், அதனால் வைன் பழகாத மூத்தவர்களுக்கும் நல்லது. ஆனால் இவற்றில் லீற்றருக்கு 100 கிராமை ஒட்டியும் அதற்கு மேலும் சீனி இருக்கலாம். ஒரு சிறிய கிளாஸிலேயே இரண்டு தேக்கரண்டிக்கு மேல் சீனி போய்விடும். உங்கள் கணவருக்கு இது வேண்டாம். அவருக்கு டெமி-செக் ஒரு அரைக் கிளாஸ் போதும், அதுவும் கேக் துண்டைச் சிறிதாக்கிக்கொண்டு. நீரிழிவுக் குளிசைகள் சிலவற்றோடு மதுசாரம் சேர்ந்தால் இரத்தச் சீனி திடீரென்று கீழே இறங்கவும் கூடும். அதிலும் பூசைக்குப் போய் நெடுநேரம் சாப்பிடாமல் இருந்துவிட்டு வெறும் வயிற்றில் குடிப்பது ஆபத்து. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அவர் எடுக்கும் குளிசையின் பெயரைச் சொல்லி, நத்தாருக்கு அரைக் கிளாஸ் குடிக்கலாமா என்று வைத்தியரிடம் நேரடியாகக் கேளுங்கள். வைத்தியர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

டெமி-செக் திருகோணமலைக் கடைகளில் தேடுவது கஷ்டம். அதனால் மருமகனிடமே சொல்லிவிடுங்கள். பாரிஸில் சாதாரண சுப்பர் மார்க்கெட்டிலேயே டெமி-செக் ஷாம்பெயின் கிடைக்கும். செலவு குறைய வேண்டும் என்றால், லுவார் ஆற்றங்கரையில் உள்ள வூவ்ரே என்ற ஊரின் நுரைக்கும் டெமி-செக்கைக் கேட்கச் சொல்லுங்கள். ஷெனான் திராட்சையில் செய்தது. தேனும் ஆப்பிளும் கலந்த சுவை. இனிப்புக்குச் சமமாகப் புளிப்பும் நிற்பதால் திகட்டாது. ரிச் கேக்கோடு சேர்த்துக் கொடுப்பதற்கு எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். போத்தலைக் கைப்பையில் வைக்க முடியாது, 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவத்தைப் பாதுகாப்புப் பரிசோதனையில் பிடுங்கிவிடுவார்கள். துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வைக்கட்டும். விமானத்தில் வெடித்துவிடும் என்ற பயம் வேண்டாம். உள்ளே இருக்கும் அழுத்தம் ஐந்து, ஆறு வளிமண்டல அளவு, அதாவது கார் டயரில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதைத் தாங்கத்தான் அவ்வளவு தடித்த கண்ணாடி. எத்தனை போத்தல் கொண்டுவரலாம் என்ற சுங்க அளவை மட்டும் புறப்படுமுன் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டுநாயக்காவில் இருந்து வான் பிடித்து வரும்போது அந்தப் பெட்டி வெயில் அடிக்கும் பின்கண்ணாடியோரம் இருக்கக் கூடாது. தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ஆறேழு மணி நேரம் குலுங்கி வந்த போத்தலை அன்றே திறக்கவும் கூடாது. பாதி வைன் நுரையாகத் தரையில் போய்விடும். ஒரு முழு நாளாவது இருட்டான இடத்தில் நிமிர்த்தி வைத்துவிடுங்கள்.

இங்கே கடையில் வாங்குவதானால், முன்கண்ணாடியில் வெயில் படும்படி காட்சிக்கு வைத்திருக்கும் போத்தலைத் தொடாதீர்கள். வெளிச்சமும் வெப்பமும் ஸ்பார்க்ளிங் வைனுக்கு எமன். வெளிர் கண்ணாடிப் போத்தல் சில நாள் வெயிலிலேயே அவித்த கோவா மணக்கத் தொடங்கிவிடும். உள்ளே பெட்டியோடு இருப்பதைத் தரச் சொல்லுங்கள். குளிரூட்டிய கடையில் வாங்குங்கள். தூசி படிந்த போத்தல் பழையது என்பதால் நல்லது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்தக் கண்ணாடி அலுமாரிப் போத்தலுக்கு வருவோம். நம் வீடுகளில் இது பெரிய வழக்கம். வெளிநாட்டில் இருந்து ஒருவர் ஆசையோடு கொண்டுவந்து தந்ததை நல்ல நாளுக்கு என்று எடுத்து வைத்து, வரவேற்பறையில் பொம்மைகளுக்கும் கோப்பைகளுக்கும் நடுவே நிறுத்திவிடுகிறோம். வருடம் குறிப்பிடாத ஷாம்பெயின் கடைக்கு வரும்போதே குடிக்கும் பதத்தில்தான் வருகிறது. நம் ஊர் வெக்கையில் சில வருடம் நின்றால் தக்கை சுருங்கி, காற்றுக் கசிந்து, குமிழி போய்விடும். நிறம் கடும் மஞ்சளாகும். சுவை சுட்ட ஆப்பிளையும் பழைய கஜுவையும் நினைவூட்டும். குடித்தால் உடம்புக்குக் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் நத்தார் இரவில் அதை நம்பி இருக்க வேண்டாம். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை நீங்கள் இருவருமாக அதைக் குளிர வைத்துத் திறந்து பாருங்கள். உயிரோடு இருந்தால் உங்களுக்கு ஒரு கிளாஸ், வைத்தியர் சரி என்றால் அவருக்கு அரைக் கிளாஸ். இல்லாவிட்டால் இறாலை வெண்ணெயில் வதக்கும்போது கொஞ்சம் ஊற்றுங்கள், நன்றாகவே இருக்கும். இனி எந்தப் போத்தல் அன்பளிப்பாக வந்தாலும் ஒரு வருடத்துக்குள் திறந்துவிடுங்கள்.

நத்தார் அன்று பகலுக்கு வேறு போத்தல் வேண்டும். மீன் கட்லட், றோல்ஸ், கணவாய்ப் பொரியல் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தட்டில் வரும் அல்லவா? அதுதான் பிரூட்டின் நேரம். எண்ணெயில் பொரித்த பண்டத்தைக் கடித்தபின் ஒரு வாய் பிரூட் காவா குடித்துப் பாருங்கள். சென்ற வருடம் நீங்கள் வெறுத்த அதே புளிப்பு, இப்போது நாக்கில் படிந்த எண்ணெயை வழித்துக்கொண்டு போய் அடுத்த கட்லட்டைக் கேட்க வைக்கும். அறுக்குளாவை உப்பும் எலுமிச்சையும் மட்டும் பூசிச் சுட்டால் இன்னும் அழகாகப் பொருந்தும். ஆனால் நண்டுக் கறியும் ஆட்டிறைச்சிக் கறியும் மேசைக்கு வந்ததும் வைனை நிறுத்திவிடுங்கள். மிளகாயின் உறைப்பை மதுசாரமும் குமிழியும் இரண்டு மடங்காக்கும். கறியும் கெடும், வைனும் கெடும். கறியோடும் குடித்தே ஆக வேண்டும் என்று யாராவது நின்றால், இலேசான இனிப்புள்ள எக்ஸ்ட்ரா டிரை புரொசெக்கோவை நன்றாகக் குளிர வைத்துக் கொடுங்கள். உறைப்பை ஓரளவு அடக்கும்.

750 மில்லிலீற்றர் போத்தலில் ஆறு கிளாஸ் ஊற்றலாம். பன்னிரண்டு பேருக்குப் பூசைக்குப் பிறகு இனிப்பு வகையில் இரண்டு போத்தல், மறுநாள் பகலுக்குப் பிரூட் மூன்று. அதற்கு மேல் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். பிள்ளைகளுக்கும், குடிக்காத அயலவர்களுக்கும் சிவப்புத் திராட்சைச் சாற்றில் சோடா கலந்து அதே மாதிரிக் கிளாஸில் கொடுங்கள். ஒருவர் கையிலாவது பிளாஸ்டிக் கப் இருந்தால் அவர் மனம் ஒதுங்கிவிடும். எல்லோரும் ஒரே மாதிரிக் கிளாஸை உயர்த்துவதைப் பார்ப்பதற்காகவே நான் இந்தத் தொழிலை விரும்புகிறேன்.

குளிர வைக்கும் வேலையைப் பூசைக்குப் போகுமுன்பே முடித்துவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் படுக்க வைத்தால் நான்கு மணி நேரம் ஆகும். ஃப்ரீசரில் போட்டு மறந்தால் போத்தல் வெடித்துவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள். டிசம்பரில் வாடைக்காற்று மழையோடு மின்சாரமும் போய்ப் போய் வருவது உங்களுக்குத் தெரியும். எனவே மீன்காரரிடம் சொல்லி ஐஸ் எடுத்து வையுங்கள். பெரிய வாளியில் உடைத்த ஐஸ் பாதி, தண்ணீர் பாதி, ஒரு கைப்பிடி உப்பு. வெறும் ஐஸைவிடத் தண்ணீர் கலந்த ஐஸ் போத்தலை முழுக்கச் சூழ்ந்து நிற்பதால் அரை மணி நேரத்துக்குள் குளிர்ந்துவிடும். 6 முதல் 8 பாகை செல்சியஸ் வரை போதும். மீன் ஐஸ் என்பதால் திறக்குமுன் போத்தலை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க மறக்க வேண்டாம். கிளாஸ்களைச் சவர்க்காரப் படலம் இல்லாமல் சுடுநீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். படலம் இருந்தால் குமிழி எழும்பாது.

திறப்பதை மருமகனிடம் விட்டாலும் சரி, நீங்களே செய்தாலும் சரி, குலுக்கிச் சுவரில் தக்கை அடிக்கும் விளையாட்டு வேண்டாம். அந்தத் தக்கை கண்ணில் பட்டால் பார்வை போகும். உறையைக் கிழித்ததும் கம்பிக் கூட்டின் காதை ஆறு தடவை அரைச் சுற்றாகத் திருப்புங்கள், தளரும். அந்த நொடியில் இருந்து கட்டைவிரல் தக்கையின் தலையை விட்டு விலகவே கூடாது. ஒரு துவாயைப் போட்டுத் தக்கையையும் கூட்டையும் சேர்த்து இறுக்கிப் பிடியுங்கள். போத்தலை ஆட்கள் இல்லாத பக்கமாகச் சாய்த்து, தக்கையைத் திருகாமல் அடிப்பக்கத்தைப் பிடித்துப் போத்தலை மெதுவாகத் திருப்புங்கள். தக்கை தானாக உங்கள் உள்ளங்கையைத் தள்ளத் தொடங்கும். அப்போது இழுக்காதீர்கள், எதிர்த்து அமுக்குங்கள். விளிம்பு சற்றே விலக, உள்ளிருக்கும் வாயு பெருமூச்சுப் போல 'ஸ்ஸ்' என்று வெளியேறும். நன்றாகக் குளிர்ந்த போத்தலில் ஒரு துளியும் சிந்தாது. முதலில் எல்லாக் கிளாஸிலும் இரண்டு விரற்கடை ஊற்றி, நுரை அடங்கியதும் மறுபடி நிரப்புங்கள்.

மிஞ்சியதை இறுக்கமான மூடி போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். கழுத்தில் வெள்ளிக் கரண்டி செருகி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. பூசையில் இருந்து திரும்பும் வாகனத்தை ஓட்டுபவர், யாரையாவது வீட்டில் கொண்டுபோய் விட வேண்டி இருந்தால், அந்த வேலை முடிந்த பிறகு தன் கிளாஸை எடுக்கட்டும்.

கடைசியாக நாட்காட்டியைப் பாருங்கள். டிசம்பரில் உந்துவப் போயா வருகிறது. அன்று எங்கும் மது விற்க மாட்டார்கள். நத்தாரை ஒட்டியும் கடைகளை மூடச் சொல்லி அறிவிப்பு வரலாம், கடைசி நேரக் கூட்டமும் இருக்கும். பகலுக்கான அந்த மூன்று காவாவை டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே வாங்கி, கட்டிலுக்கு அடியில் இருட்டில் வைத்துவிடுங்கள். டெமி-செக்கைப் பற்றி மருமகனுக்கு இன்றைக்கே செய்தி அனுப்புங்கள்.